குழி வெட்டுகிறவள்

நாலரை மணிக்கு
நானும் ஓர் ஆள்காட்டிக் குருவியும்தான்.
நேற்றைய குழியைப் புல்கட்டி வைத்து அடைத்து
இன்றைக்கு ஒன்று வெட்ட வேண்டும்.
நாலேகால் அங்குல அகலம்.
அதை எவரோ எங்கோ முடிவு செய்துவிட்டார்கள்.
எந்த இடத்தில் என்பது மட்டும்
என் கையில்.

பம்ப் ஷெட் டிரங்குப் பெட்டியில்
கரையான் மிச்சம் வைத்த ஒரு சம்பளப் புத்தகம்.
'தேசப்பன். மணல் வேலை, மட்டை ரிப்பேர், பாடம்.
ரூபாய் பதினொன்று.'
மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே கைநாட்டு.

அப்போது கிண்டியில் இந்தப் புல் இல்லை.
ஆற்று மணலில் கழிவு எண்ணெய் கலந்து
குழியைச் சுற்றித் தட்டையாய் அடித்த வட்டம்,
பிரவுன் என்று பேர்.
ஆடிவிட்டு நகர்ந்ததும் கயிற்றுப்பாயை இழுத்து
துரைகளின் தடத்தை அழிக்க வேண்டும்,
இழுத்துக்கொண்டே வரும் தன் தடத்தையும்.

துரைசானிக்குப் பிடி சொல்லித் தரவேண்டும்;
கையைத் தொடக் கூடாது.
துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு
எதிரில் நின்றானாம் தேசப்பன், கண்ணாடி போல.
கண்ணாடியில் எல்லாம் இடம்மாறும் அல்லவா,
அவள் ஊருக்குக் கப்பலேறும் வரைக்கும்
இடது கைக்காரியாகவே ஆடினாளாம்.
முனிரத்தினம் சொன்ன கதை.
பாதி பொய்யாக இருக்கும்,
எந்தப் பாதி என்று தெரியவில்லை.

பிறகு புல் வந்தது.
ஒரு வரி இரண்டு வரியானது.
ஒருவனுக்குப் 'புரோ' என்று தைத்த சட்டை,
ஒருவனுக்கு ரப்பர் குழாய்.

இப்போதைய புரோ எத்திராஜுலு.
வேளச்சேரியிலிருந்து பை தூக்க வந்த பையன்,
இன்று மணிக்கு இவ்வளவு என்று பலகை.
முன்வாசல் வழியாகத்தான் போகிறார்,
ஆனாலும் படியில் ஒரு நொடி நிற்பார்,
'ஏய், எங்கே?' என்று
யாரோ கேட்கப் போவதுபோல.

நான் கோரை பிடுங்க வந்தவள்.
ஒன்பது பெண்கள், ஒரே வரிசை,
நடவு மாதிரியே குந்தியிருப்போம்,
நடுவதற்குப் பதிலாகப் பிடுங்குவோம்.
வர்தா புயலில் மரம் விழுந்து
முனிரத்தினத்தின் முட்டி போனது.
'மூணு நாளைக்கு நீ வெட்டும்மா' என்றார் செயலாளர்.
அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை.
சம்பளச் சீட்டில் இன்றைக்கும்
களை எடுப்பவள்.

ஞாயிறு காலை, ஏழாவது குழி.
இறக்கத்தின் விளிம்பில் வைத்திருந்தேன்.
பார்த்தால் மட்டமாகத் தெரியும்,
தண்ணீர் ஊற்றுகிறவளுக்குத்தான் தெரியும்
அது எந்தப் பக்கம் ஓடும் என்று.
போன வாரம் என் சாப்பாட்டு டப்பாமேல்
மட்டையை ஊன்றிக்கொண்டு
போனில் பேசினவர்தான் ஆடினார்.
பந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு
இடப்பக்கம் போனது.
திரும்ப அடித்தார். வலப்பக்கம்.
நாலாவது தடவை
'எந்தப் பயய்யா இங்க வெச்சான் குழிய?'

எத்திராஜுலு என் பக்கம் திரும்பவே இல்லை.
'காத்து, சார்' என்றார்.
அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.
நான் குழாயை இழுத்துக்கொண்டு போனேன்.
அந்தப் பயலை நினைத்து
எட்டாவது வரைக்கும் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் ஷெட் பக்கம் வந்தார் புரோ.
சட்டைக் கழுத்து கறுத்திருந்தது.
'நாளன்னைக்கிப் போட்டி. ஏழாவது எங்கம்மா?'
'புல்லக் கேட்டுச் சொல்றேன்.'
'எனக்குமா?'
'உங்களுக்குந்தான்.'

திங்கட்கிழமை மெம்பர்களுக்கு விடுமுறை.
பை தூக்கும் பையன்கள்
பழைய பந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவன் மட்டையை நீட்டினான்.
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.
எனக்குத் தெரியாத சரிவா?
மூன்றடி தூரம்.

இடப்பக்கம் போனது.